ஐந்து மடிப்புக்கு ஒரு மூச்சு

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற வீட்டுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு விருந்தாளியாக வந்த ஆள், எனக்குத் தெரிந்து ஆல்வின் ஒருவன்தான். அதுவும் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கேயே வாங்கி, நாலு தெரு தள்ளி வந்து கொடுத்தான். வெங்கடேஸ்வரி வாங்கி ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு பை நிறைய சப்பட்டை மாம்பழம் இருந்தது. மூன்று நாளைக்கு முன்னால் தனுஷ்கோடி அண்ணாச்சி கொண்டுவந்து வைத்தது. பதினெட்டு வருஷமாக இந்த இரண்டு பேரில் ஒருவர்கூட அவள் வாசல்படியை மிதித்ததில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள் என்றால், அது அவள் கையால் காபி குடிப்பதற்காக இல்லை.

விஷயம் இதுதான். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி பெரிய தொழில். நெய்த துணியை வெட்டி, காயத்தில் வைப்பதற்குத் தோதாகச் சின்னச் சின்னத் துண்டுகளாக மடித்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். ஒரு காலத்தில் அத்தனை மடிப்பும் பெண்களின் கையால்தான் நடந்தது. பிறகு மடிப்பு மெஷின் வந்தது. இன்றைக்கு அந்த மெஷின் இல்லாத கம்பெனி கிடையாது. வெளியூர்க்காரர்கள் அதன் வரைபடத்தை எப்படியோ வாங்கிக்கொண்டு போய், அதேபோலச் செய்துகொண்டார்கள். பேண்டேஜ் உற்பத்தியாளர் சங்கம் இப்போது புதுக் கட்டடம் கட்டியிருக்கிறது. அதன் முகப்பில் முதல் மெஷினை நிறுத்தி, கீழே பித்தளைத் தகட்டில் கண்டுபிடித்தவர் பெயரைப் பொறிப்பது என்று முடிவாகியிருக்கிறது.

என் பெயர்தான் என்று தனுஷ்கோடி சொல்கிறார். என் பெயர்தான் என்று ஆல்வின் சொல்கிறான். சங்கத் தலைவர் மாரிச்சாமி இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, சாட்சி உண்டா என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். "வெங்கடேஸ்வரியக் கேளுங்க. அவ கூடவே இருந்து பாத்தா."

தனுஷ்கோடிக்கு இப்போது அறுபத்தாறு வயது. வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்துக்கொண்டு, அதில் ஒன்றில்கூட எழுதாத மனிதர். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். லேமினேஷன் போட்டு வைத்திருந்தார்.

"இத வாசிச்சுப் பாத்தியாம்மா? எட்டு வருசத்துக்கு முந்தி வந்தது."

அவள் வாசித்திருக்கிறாள். வாசிக்காதவர்கள் யார்? ஓர் ஆடிப்பூரத்தன்று தனுஷ்கோடி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாராம். ரத வீதியில் ஒரு பூக்காரி பூக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அவள் பெருவிரல் நாரை உள்ளே தள்ளிய விதத்தைப் பார்த்ததும் மண்டைக்குள் மின்னல் வெட்டியதாம். அப்படிப் பிறந்ததுதான் மெஷினாம். அந்தச் செய்தி வந்த மறுநாள், அந்தப் பூக்காரி யார் என்று தேடிக்கொண்டு ஆட்கள் வந்தபோது ரத வீதியில் ஏழு பேர் நான்தான் என்று கையைத் தூக்கினார்கள்.

"நீ வந்து ஒண்ணும் பெருசா பேச வேண்டாம். அண்ணாச்சிதான் எல்லாம் செஞ்சாருன்னு ஒரு வார்த்த. அம்புட்டுதான்" என்றார் தனுஷ்கோடி. செருப்பை மாட்டும்போது, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "உம் மக நம்ம கம்பெனியில நல்லா வேல பாக்குதா. அடுத்த மாசம் அவளுக்கு ஏதாச்சும் செய்யணும்னு நெனச்சிருக்கேன்."

மகள் பானுப்பிரியா அவருடைய கம்பெனியில்தான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அதை நினைவுபடுத்தத்தான் மாம்பழத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பது வெங்கடேஸ்வரிக்குப் புரியாமல் இல்லை.

ஆல்வின் வேறு மாதிரி. நாற்பத்தைந்து வயதிலும் பள்ளிக்கூடத்தில் மார்க் குறைத்துப் போட்டுவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருப்பான். நாற்காலியில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, நீங்க பாத்திய. எப்ப தள்ளணும், எப்ப மடிக்கணும்னு மெஷினுக்குச் சொல்லுத அந்த கேம் வீல வெட்டுனது யாரு? இந்தக் கை. அவருக்கு அரம் பிடிக்கத் தெரியும், வேற என்ன தெரியும்? அந்த மடிப்பு எனக்கு எப்படித் தோணுச்சு தெரியுமா? தளவாய்புரத்துல ஒரு கல்யாண வீடு. சாப்பிட்டு எலய மடிச்சேன் பாருங்க, அப்பத்தான் பொறி தட்டுச்சு."

"பந்தியில என்ன கொழம்பு தம்பி?" என்றாள் வெங்கடேஸ்வரி.

அவனுக்குக் கேலி என்று விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "வத்தக்கொழம்பு" என்றான்.

அவன் போன பிறகு அவள் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. ஒருவருக்குப் பூக்காரி, ஒருவனுக்கு வாழையிலை. அந்த ஷெட்டில் மூன்று மாதம் உட்கார்ந்திருந்த பொம்பளையை மட்டும் இரண்டு பேருக்கும் சாட்சியாகத்தான் தெரிகிறது.

நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வெங்கடேஸ்வரி ராஜபாளையத்தில் குடியிருந்தாள். மடிப்பு வேலையில் அவளைப்போலக் கை ஓடுகிறவர்கள் அந்தத் தெருவில் இல்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தனுஷ்கோடி தன் தோப்பை விற்ற பணத்தில் ஒரு தகர ஷெட்டில் மெஷின் செய்துகொண்டிருந்தார். மெஷினுக்குத் துணி வெட்டிக் கொடுக்கவும், அது மடித்ததைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டார்.

மெஷின் மடித்தது. ஆனால் வெட்டிய ஓரம் வெளியே நின்றது. ஓரம் வெளியே நின்றால் நூல் பிரியும். பிரிந்த நூல் காயத்துக்குள் போய்விடும். எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? அனுப்பியதெல்லாம் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. தனுஷ்கோடி கோபக்காரர். ஒரு நாள் கையிலிருந்த ஸ்பேனரை விட்டெறிந்தார். அது சுவர்க் கடிகாரத்தில் பட்டு, முள் பதினொன்று பத்தில் நின்றது. அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் எப்போதும் பதினொன்று பத்துதான்.

அன்றைக்குத்தான் வெங்கடேஸ்வரிக்கும் பொறுமை போனது.

"அண்ணாச்சி, கடிகாரம் என்ன செஞ்சது? நீங்க மடிச்சுட்டுப் பொறவு ஓரத்தத் தேடுறீங்க. மொதல்ல ஓரத்தப் பெருவெரலால உள்ள தள்ளுங்க. தள்ளிட்டு மடிங்க. ஓரம் எங்க போகும்? உள்ளதான கெடக்கும்?"

சொன்னதோடு நிற்காமல் உட்கார்ந்து மடித்தும் காட்டினாள். அப்போது அங்கே ஃபிட்டராக இருந்த ஆல்வின், தெரிந்த பி.டி. வாத்தியாரிடம் ஸ்டாப் வாட்சை இரவல் வாங்கி வந்து, மூன்று வாரம் அவள் கைக்கு எதிரே குத்தவைத்திருந்தான். பெருவிரல் எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, துணி எப்போது திரும்புகிறது என்று ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து, அந்தக் கணக்குப்படி கேம் சக்கரத்தை வெட்டினான். தனுஷ்கோடி அவள் பெருவிரலைத் தாளில் வைத்துச் சுற்றிவரக் கோடு போட்டு, அந்த அளவில் ஒரு தகடு அராவினார். இருபத்திரண்டு தகடுகளைக் குப்பையில் போட்டார். இருபத்து மூன்றாவது தகடு பொருந்தும்போது வெங்கடேஸ்வரி அங்கே இல்லை. கணவன் வேல்பாண்டிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை கிடைத்து, சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். இங்கே வந்து ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தாள். மெஷின் ஓடுகிறது, பேர் வாங்கிவிட்டது என்று கேள்விப்பட்டாளே தவிர, திருத்திய பிறகு அது ஓடுவதை இன்றுவரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. முதலாளி கூட்டிவருகிற விருந்தாளிகளைத் தவிர வெளியாட்களை மடிப்பு அறைக்குள் விடமாட்டார்கள்.

பிறகு ஆண்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். தனுஷ்கோடி எந்த நோட்டீஸிலும் ஆல்வின் பெயரைப் போடவில்லை. ஆல்வின் அந்த வயிற்றெரிச்சலில் மெஷின் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் வெளியூர்க்காரனிடம் கொடுத்துவிட்டான். இரண்டும் ஈனத்தனமான வேலைதான். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள் என்பதும் உண்மைதான்.

"அம்மா, நான் சொல்லுதத கேளு" என்றாள் பானுப்பிரியா, கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். "ரெண்டு பேருந்தான் செஞ்சாவன்னு சொல்லிட்டு ஒக்காந்துரு. எனக்கு அங்க வேல கெடக்கு. வேற கம்பெனிக்குப் போனா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

"நான் என்ன சொல்லப் போறேன்? மடிச்சுக் காட்டுனேன். அம்புட்டுத்தான? கைப்பழக்கம். அதுக்குப் போயி பேரு கேக்கவா முடியும்?"

அப்படியே சொல்லிவிடுவது என்றுதான் அவள் தீர்மானித்தாள். மகளின் வேலையைவிட ஒரு பித்தளைத் தகடு பெரிதில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ராஜபாளையத்தில் சங்கக் கட்டடத்தில் அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். கம்பெனி முதலாளிகள், இன்ஜினியர்கள், மெஷின் ஓட்டும் பெண்கள் ஒரு கூட்டம். தனுஷ்கோடி முன் வரிசையில் இடது கோடி, ஆல்வின் வலது கோடி. நடுவில் துடைத்து எண்ணெய் போட்ட முதல் மெஷின். வெங்கடேஸ்வரியின் நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஒரு தையல் மேசை அளவுதான்.

மாரிச்சாமி நல்ல பேச்சாளர், ஆனால் சுருக்கமாகப் பேசுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "டெலிபோனுக்கே ஒரே நாள்ல ரெண்டு பேருக்காக மனு போட்டாங்க. எது மொதல்ல வந்துச்சுன்னு இன்னைக்கும் சண்ட ஓயல. ரேடியோவுக்கும் சண்ட, பல்புக்கும் சண்ட. பெரிய பெரிய ஆளுகளே சின்னப்பிள்ளைக மாதிரி அடிச்சுக்கிட்டாங்க. நம்மூர்க்காரங்க அடிச்சுக்கிட்டதுல கேவலம் ஒண்ணும் இல்ல. நம்மூர்லயும் சண்ட போடுற அளவுக்கு ஒரு பொருள் பொறந்திருக்குன்னு பெருமப்படணும்!"

கூட்டம் கைதட்டியது. "மொதல்ல மெஷின ஓட்டுவோம். அப்புறம் சாட்சி" என்றார் அவர்.

தனுஷ்கோடி கம்பெனி சார்பில் மெஷின் ஓட்ட வந்திருந்த பானுப்பிரியா துணியைச் சொருகி சுவிட்சைப் போட்டாள். தகடு முன்னால் வந்து ஓரத்தை உள்ளே தள்ளியது. துணி திரும்பியது. மடிந்தது. டக். வெங்கடேஸ்வரி தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டாள். அதே சாய்வு, அதே வளைவு. டக், டக், டக், டக். ஐந்தாவது மடிப்பு விழுந்ததும் மெஷின் நின்றது. கெட்டுப்போய்விட்டதோ என்று அவள் நினைப்பதற்குள் மறுபடி கிளம்பியது. ஐந்து மடிப்பு. நின்றது. ஐந்து மடிப்பு. நின்றது.

பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டாள். "ஏட்டி, ஏன் இது நடுநடுவுல நிக்குது?"

"அது மூச்சு வாங்குது அத்த. எல்லா மெஷினும் அப்படித்தான். அஞ்சு மடிப்புக்கு ஒரு மூச்சு. நாங்க அதுக்குள்ள முதுக நிமித்திக்கிடுவோம்."

மெஷின் மறுபடி ஐந்தாவது மடிப்பில் நின்றபோது, வெங்கடேஸ்வரியின் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைத் தொட்டது. அவள் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போனது.

கல்யாணத்தில் மாமியார் போட்ட வளையல் அது. அந்த வயதில் வெங்கடேஸ்வரி ஈர்க்குச்சி. வளையல் அவள் கைக்குப் பெரிது. மடிக்கும்போது வழுக்கி வழுக்கி இறங்கும். ஐந்து மடிப்பில் விரல் முட்டிவரைக்கும் வந்துவிடும், அதன் பற்றவைத்த இணைப்பில் நூல் சிக்கும். அதனால் ஐந்து மடிப்புக்கு ஒருதரம் வலது கையால் அதை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொள்வாள். இப்போது அந்த வளையல் சதையில் பதிந்து கிடக்கிறது. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது, சோப்புப் போட்டாலும் கழலாது. ஆனால் கைக்கு அது தெரியவில்லை.

அவள் உடம்பு ஒருதரம் சிலிர்த்தது. மடித்துக் காட்டியதை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவளையே எடுத்து, முழுசாக உள்ளே வைத்துவிட்டார்கள். எது வேலை, எது வளையல் என்றுகூடப் பிரிக்கத் தெரியவில்லை இந்த மகான்களுக்கு!

"செத்த நேரம் நிப்பாட்டுங்க" என்றாள். சொல்லிவிட்டு எழுந்தும் விட்டாள். பானுப்பிரியா கண்ணால் வேண்டாம் என்றாள். ஆனால் கை சுவிட்சை அணைத்துவிட்டது.

"அண்ணாச்சி, அஞ்சு மடிப்புக்கு ஒருக்கா இது ஏன் நிக்குது?"

தனுஷ்கோடி எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் இந்தப் பாடத்தைச் சொல்லியிருக்கிறார். "மோட்டார் சூடு. தொடர்ந்து ஓடுனா சூடாயிரும். அதுக்காக நான் கணக்குப் போட்டு வச்ச ரெஸ்ட்."

"சூடாவது ஒண்ணாவது!" ஆல்வின் அந்தக் கோடியிலிருந்து கத்தினான். "ஒண்ணர செகண்டுல எந்த மோட்டார் ஆறும்? துணி இழுவிசை சமமாகுறதுக்கு நான் கேம்ல விட்ட வெட்டு அது."

"நீ விட்டியா? ஏலே, நான் சொல்லித்தான விட்ட?"

"நீங்களா சொன்னீய? ஏன்னு எங்கிட்டயே நாலுதரம் கேட்டீயளே!"

பின்னால் ஒரு கம்பெனி இன்ஜினியர் எழுந்தார். வெள்ளந்தியான ஆள். "எங்க மெஷின்லயும் அது இருக்குங்க. எதுக்குன்னு எங்களுக்கும் தெரியாது. எடுத்தா என்ன ஆகுமோன்னு பயந்து அப்படியே காப்பி அடிச்சுட்டோம்." சபை கொல்லென்று சிரித்தது. எல்லாக் கம்பெனியிலும் அதே கதைதான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

"வெட்டுன துணி ஒரு கட்டு குடுங்க" என்றாள் வெங்கடேஸ்வரி.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள். பதினெட்டு வருஷமாகத் தொடாத வேலை. கை வருமா என்று ஒரு நொடி பயந்தாள். மகளைப் பார்த்து, "ஓட்டு" என்றாள்.

பானுப்பிரியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, இந்தத் தடவை தயங்காமல் சுவிட்சைப் போட்டாள்.

முதல் மடிப்பு கொஞ்சம் பிந்தியது. இரண்டாவது சேர்ந்துகொண்டது. மூன்றாவதிலிருந்து மெஷினின் டக்கும் அவள் கை மேசையைத் தட்டும் சத்தமும் ஒன்றாகவே விழுந்தன. ஐந்து முடிந்ததும் அவள் வலது கை வளையலுக்குப் போனது. மெஷின் நின்றது. கை திரும்பி வந்தது. மெஷின் கிளம்பியது. மறுபடி ஐந்து, மறுபடி வளையல். அவள் மெஷினைப் பார்க்கவே இல்லை. துணியை மட்டும்தான் பார்த்தாள்.

மெஷின் ஓட்டும் பெண்களுக்குத்தான் முதலில் விளங்கியது. ஒருத்தி, "எம்மா!" என்று வாயில் கை வைத்தாள். இன்னொருத்தி எண்ண ஆரம்பித்தாள். அப்புறம் எல்லாருமே எண்ணினார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு!" மெஷின் நின்றதும் ஒரே குரலாக, "வளையல்!" என்று கத்தினார்கள். அடுத்த ஐந்துக்கும் கத்தினார்கள். அதற்கடுத்த ஐந்துக்கு முதலாளிமார்களும் சேர்ந்துகொண்டார்கள். கட்டடம் அதிர்ந்தது. பானுப்பிரியா கண்ணைத் துடைக்கவும் மறந்து சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஆல்வின் மட்டும் சத்தம் போடவில்லை. தன் கட்சிக்கு ஆதாரமாகப் பழைய நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதைப் புரட்டிக்கொண்டிருந்தவன், ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்து வந்தான். நோட்டை மாரிச்சாமியிடம் நீட்டினான்.

மாரிச்சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்க வாசித்தார். "தலைப்பு, வெங்கடேஸ்வரி அக்கா கை. மடிப்பு அஞ்சு. அப்புறம் ஒன்றரை செகண்ட் நிறுத்தம். ஏன், கேள்விக்குறி."

"கேக்கணும்னுதான் நெனச்சேன்" என்றான் ஆல்வின். "மறந்துட்டேன். பாத்தத அப்படியே வெட்டிட்டேன்க்கா."

"நல்லா இருக்குய்யா" என்றார் மாரிச்சாமி. "எம் பிள்ள எம் பிள்ளன்னு ரெண்டு பேரும் மல்லுக்கட்டுனீங்க. பிள்ளைக்கு மச்சம் எதுக்கு வந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியலையே."

பிறகு அவர் பக்கத்திலிருந்த எழுத்தரிடம் திரும்பி, தகட்டுக்கான வாசகத்தைச் சொன்னார். எழுத்தர் எழுதி வாசித்துக் காட்டினார். "கண்டுபிடித்தவர்கள்: தனுஷ்கோடி, ஆல்வின். உதவி: வெங்கடேஸ்வரி."

நேற்றுவரை இதுவே அவளுக்கு அதிகம்தான். எங்கேயாவது ஒரு மூலையில் பெயர் இருந்தால் போதும் என்று வீட்டுக்குப் போயிருப்பாள். இன்றைக்கு முடியாது.

"உதவி வேண்டாம்" என்றாள். "அந்த வார்த்தையோட எம் பேரப் போடுறதா இருந்தா போடவே வேண்டாம். அண்ணாச்சி தோப்ப வித்தாவ. இருவத்திரெண்டு தகடு வீணாப் போயும் இருவத்து மூணாவது தகட்ட அராவுனாவ. நானா இருந்தா மூணாவதுலயே வீட்டுக்குப் போயிருப்பேன். அது அவியளோடது. தம்பி அந்த வீல வெட்டலேன்னா எங் கை எங்கிட்டயே கெடந்து செத்துப்போயிருக்கும். அது தம்பியோடது. அதுல எல்லாம் நான் பங்கு கேக்கல. ஆனா மடிப்பு என்னோடது. மூணு பேரு பேரையும் ஒண்ணாப் போடுங்க. இல்லன்னா விட்டுருங்க."

சபை தனுஷ்கோடியைப் பார்த்தது. அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. கையில் ஸ்பேனர் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று பலரும் நினைத்திருப்பார்கள். அவர் எழுந்து மெதுவாக மேசைக்கு வந்தார். எழுத்தரின் தாளைத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார், அது எழுதவில்லை. இரண்டாவதும் எழுதவில்லை. மூன்றாவது எழுதியது.

உதவி என்ற வார்த்தையை அடித்தார். பிறகு தன் பெயரையும் அடித்தார். மீதியையும் மொத்தமாக அடித்துவிட்டு, கோணல் எழுத்தில் ஒரு வரி எழுதினார், அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. எழுதியதைத் தானே வாசித்தார்.

"மடிப்பு, வெங்கடேஸ்வரி. கேம், ஆல்வின். மத்ததெல்லாம் தனுஷ்கோடி." தலையை நிமிர்த்தி எல்லாரையும் முறைத்தார். "மத்ததெல்லாம்னு போடணும். அத விடமாட்டேன். எம் மெஷின்ல ஓசிக் கை ஒண்ணு கெடந்துச்சுன்னு நாளைக்கு ஒரு பய பேசக்கூடாது பாரு, அதுக்குத்தான் எழுதுதேன்."

அந்த மனிதரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதுவே அவர் பரம்பரைக்குப் போதும். ஆல்வின் எதிரே வந்து நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நாற்காலியில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டார். ஆல்வின் உட்கார்ந்தான்.

அந்த வெள்ளந்தி இன்ஜினியர் மறுபடி எழுந்தார். "அப்ப ஒண்ணு செய்யலாங்க. அந்த நிறுத்தத்துக்கு வேலையே இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. எடுத்துட்டா ஒரு ஷிஃப்ட்டுக்கு நெறய மடிப்பு கூட விழும்."

"அத எடுக்க விடமாட்டோம்" என்று நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "அதுலதான் நாங்க முதுக நிமித்துறோம்!"

"அத எவனாச்சும் தொட்டான், கைய உடைச்சுருவேன்" என்றார் தனுஷ்கோடி. சொல்லிவிட்டு பானுப்பிரியாவைப் பார்த்து, "நீ என்ன வேடிக்க பாக்க? நாளைக்குக் காலம்பற ஷிஃப்ட்டு ஒனக்கு. நேரத்துக்கு வா" என்று அதட்டினார். அவள் "சரி சார்" என்றாள்.

கூட்டம் முடிந்து அம்மாவும் மகளும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். குறுக்கு வழியாகப் போனால் பேண்டேஜ் கம்பெனிகள் இருக்கிற தெரு. மத்தியான வெயிலில் ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. முதல் கம்பெனியில் மடிப்பு விழுந்துகொண்டிருந்தது. டக், டக், டக், டக், டக். நின்றது. எதிர் கம்பெனியில் இன்னொன்று. அதற்கடுத்ததில் ஆறு மெஷின்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் நின்று நின்று கிளம்பின.

வெங்கடேஸ்வரி தெரு நடுவில் நின்றுவிட்டாள். இந்த ஊரில் மட்டுமில்லை, படம் போன ஊரிலெல்லாம், காப்பி அடித்த ஊரிலெல்லாம், பதினெட்டு வருஷமாக ஐந்து மடிப்புக்கு ஒருதரம் அவள் வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நெஞ்சு பெருமையில் விம்மியது. வாய்விட்டுச் சிரித்தாள். சைக்கிளில் போன ஒருவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"ஏம்மா," என்றாள் பானுப்பிரியா, "நாலு வருசமா நான் அந்த மெஷின் பக்கத்துலயே நிக்கேன். புதுசா வார பிள்ளைகளுக்கெல்லாம் அது மூச்சு வாங்குதுன்னு சொல்லிக்குடுத்துக்கிட்டு இருக்கேன். நீ ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

வெங்கடேஸ்வரி வளையலைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

"எனக்கே இன்னைக்குத்தான ஏட்டி தெரியும்."